சுவருக்குள் புதைத்த குழாய்

வன்னியில் இன்று கட்டப்படும் வீடுகளில் ஒரு வழக்கம் வேகமாகப் பரவி வருகிறது. கட்டி முடித்த சுவரைக் கிறைண்டரால் அறுத்து, வெட்டிய பள்ளத்துக்குள் தண்ணீர்க் குழாயை வைத்து, அதன்மேல் சீமெந்துச் சாந்து பூசி, வர்ணம் அடித்துவிடுகிறார்கள். குழாய் போன தடம் எவருக்கும் தெரியாது. சுவரிலிருந்து தண்ணீர் தானாகப் பிறப்பது போல இருக்கும். இதை அழகு என்கிறார்கள், நாகரிகம் என்கிறார்கள், 'வெளிநாட்டு முறை' என்கிறார்கள். அழகு அவரவர் கண்ணைப் பொறுத்தது; அதில் நான் தலையிடவில்லை. ஆனால் இது வெளிநாட்டு முறை அல்ல என்பதையும், வன்னியின் சுவருக்கும் தண்ணீருக்கும் வருமானத்துக்கும் இது கேடு என்பதையும் வெளிப்படையாகச் சொல்லவேண்டிய நேரம் வந்துவிட்டது. கடல் கடந்திருந்து பணம் அனுப்பி ஊரில் வீடு கட்டுவிக்கும் வாசகர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையோடு படிக்க வேண்டும். ஏனெனில் இந்த வழக்கத்தின் பிறப்பிடம் உங்கள் கைத்தொலைபேசியில் இருக்கும் படங்கள்.

கலைப்பட்டம் பெற்றுப் பத்திரிகைக்கு வந்தவனுக்குக் குழாயைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. நான் பொறியியலாளன் அல்லன். ஆனால் வன்னியைப் பற்றி எழுதப் புகுந்த எந்தப் பத்திரிகையாளனும் வீட்டைப் பற்றி எழுதாமல் தப்பியதில்லை. இடப்பெயர்வு என்றால் வீடு; மீள்குடியேற்றம் என்றால் வீடு; தறப்பாள், தகரக் கொட்டில், அரைகுறையாய் நின்ற அத்திவாரம், கடைசித் தவணைப் பணம் வராததால் கூரை ஏறாத சுவர் எல்லாம் வீட்டுச் செய்திகளே. யார் கட்டினார்கள், என்ன செலவு, பட்ட கடனை எவர் அடைத்தார் என்று கேட்டுக் கேட்டுப் பழகியதால் சுவரைத் தட்டிப் பார்க்கும் பழக்கமும் வந்துவிட்டது.

கிளிநொச்சியிலிருந்து பரந்தன் வழியாகப் புதுக்குடியிருப்புக்கும், அங்கிருந்து ஒட்டுசுட்டான், நெடுங்கேணி வழியாக வவுனியாவுக்கும் போய்ப் பாருங்கள். புது வீடுகள் பல இரு வகைப்படும். ஒன்று, உதவித்திட்டத்தில் கட்டிய சிறிய வீடு. அங்கே குளியலறை வீட்டுக்குப் புறத்தே இருக்கும். கிணற்றடியிலிருந்து வரும் குழாய் சுவரின்மேல் ஆணியடித்த கிளிப்பில் தொங்கும். மற்றது, மகனோ மகளோ லண்டனிலிருந்தோ ரொறொன்ரோவிலிருந்தோ சூரிச்சிலிருந்தோ கட்டுவித்தது. அறைக்கு அறை குளியலறை, கூரைமேல் சூரிய வெந்நீர்த் தொட்டி, வழவழப்பான சுவர். குழாய் எங்கே என்று கேட்டால் வீட்டுக்காரர் பெருமையோடு சிரிப்பார்: "எல்லாம் உள்ளுக்குள்ளை."

இந்த 'உள்ளுக்குள்ளை' எங்கிருந்து வந்தது? குளிர்நாடுகளில் வாழும் எம்மவர் பெரும்பாலானோர் வீட்டில் மத்திய வெப்பமூட்டல் இருக்கிறது. பிரித்தானியாவில், ஜேர்மனியில், சுவிற்சர்லாந்தில் பெரும்பாலும் பொயிலரில் சூடாகும் நீர் குழாய்வழி ஓடி, ஒவ்வோர் அறையிலும் சன்னலுக்குக் கீழே நிற்கும் றேடியேற்றரைச் சூடாக்கித் திரும்பும். கனடாவில் பல வீடுகளில் நீருக்குப் பதிலாகச் சூடான காற்றே தகரக் குழல்களில் ஓடும். புதிய வீடாயின் இவை எவையும் கண்ணுக்குத் தெரியா. வெள்ளைச் சுவர் மட்டும் தெரியும். முப்பது ஆண்டுகள் அந்த வெள்ளைச் சுவரைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, ஊரில் சுவரின்மேல் ஓடும் குழாய் வறுமையின் கோடாகத் தோன்றுகிறது. "எங்கட வீட்டிலை பைப் வெளியிலை தெரியக்கூடாது" என்று தொலைபேசியில் உத்தரவு போகிறது. மேசன் கிறைண்டரை எடுக்கிறார்.

அந்த வெள்ளைச் சுவர் எதனால் ஆனது என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. ரொறொன்ரோவில் உட்சுவர் என்பது பெரும்பாலும் மரச் சட்டங்களை நிறுத்தி, இரு பக்கமும் ஜிப்சம் அட்டையைத் திருகாணியால் முடுக்கிய ஒரு வெற்றுப் பெட்டி. குழாய் அந்தப் பெட்டிக்குள் காற்றில் நிற்கிறது. அதை எவரும் சாந்துக்குள் புதைக்கவில்லை. கசிந்தால் கத்தியால் ஒரு சதுரம் அறுத்து, பழுது பார்த்து, புது அட்டைத் துண்டை ஒட்டிப் பூசினால் வேலை முடிந்தது. பழைய லண்டன் வீடுகளில் குழாய்கள் மரப்பலகைத் தளத்துக்குக் கீழே ஓடும். பலகையைக் கிளப்பினால் கிடைக்கும். பலகை இல்லாத இடத்தில் சுவரின் அடியோரமாக வெளிப்படையாகவே ஓடும். ஈஸ்ட்ஹாமிலோ ஹரோவிலோ ஒரு பழைய வீட்டில் குடியிருந்த எவரும், றேடியேற்றருக்கு ஏறும் செப்புக் குழாயின்மேல் ஈரக் காலுறையைக் காயப் போட்டிருப்பர்.

திண்மமான தளத்துக்குள் நேரடியாகக் குழாய் புதைத்த காலம் ஒன்று அந்நாட்டிலும் இருந்தது. 1960களிலும் 1970களிலும் கட்டிய பல வீடுகளில் செப்புக் குழாய்களை எவ்வித உறையுமின்றிக் கொங்கிறீற்றுக்குள் போட்டார்கள். அவை அரித்துக் கசிந்தபோது தளத்தை உடைத்தார்கள். பட்டறிவின் பின் வந்த சட்டம் கறாராக இருக்கிறது. இங்கிலாந்துக்கும் வேல்சுக்கும் உரிய 1999ஆம் ஆண்டின் நீர்ப் பொருத்துகள் ஒழுங்குவிதிகள், நீர்வழங்கல் குழாய் எதுவும் சுவருக்குள்ளோ திண்மத் தளத்துக்குள்ளோ புதைக்கப்படலாகாது என்று சொல்கின்றன. மறைக்க விரும்பினால் திறந்து பார்க்கக்கூடிய குழலோ மூடியோ வைத்து மறைக்க வேண்டும். லண்டனில் முறைப்படி செய்ய முடியாத ஒன்றை லண்டன் முறை என்று சொல்லி முல்லைத்தீவில் செய்கிறோம்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. வெப்பமூட்டும் குழாயில் ஓடுவது ஒரே நீர். பூட்டிய சுற்றில் திரும்பத் திரும்பச் சுழல்வது. இன்று வழக்கிலுள்ள பொயிலரில் ஓர் அழுத்தமானி இருக்கும். குளிர்ந்த நிலையில் ஒன்று முதல் ஒன்றரை பார் வரை காட்டும். எங்கேனும் கசிந்தால் முள் கீழே இறங்கும், பொயிலர் நின்றுவிடும், வீடு குளிரும், அன்றைக்கே ஆளைக் கூப்பிடுவீர்கள். வன்னியில் உங்கள் தாயாரின் வீட்டில் அப்படி ஒரு முள் இல்லை. அங்கே கிணற்றிலிருந்து மோட்டர் ஏற்றும் நீர், நாலு மீற்றர் உயரத்து நீர்த்தாங்கியிலிருந்து இறங்குகிறது. அழுத்தம் 0.4 பார். இவ்வளவு குறைந்த அழுத்தத்தில் கசிவு பீறிட்டு வராது, மெல்ல ஊறும். வினாடிக்கு ஒரு துளி என்றால் நாளொன்றுக்கு நாலு லீற்றருக்கு மேல்; ஆண்டுக்கு ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறு லீற்றர். அவ்வளவும் சுவருக்குள் போய்விட்ட பிறகுதான் வர்ணம் கொப்பளிக்கும். மோட்டர் ஒன்றிரண்டு தடவை கூடுதலாக ஓடுவதையும் எவரும் கவனிக்க மாட்டார்கள், மின்பட்டியல் வரும்வரை. 2022 ஓகஸ்டில் 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் மின்கட்டணம் ஏறிய நாட்டில் அந்தப் பட்டியல் எப்படி இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இனிச் சுவருக்கு வருவோம். வன்னியில் நாம் கட்டுவது பெரும்பாலும் சீமெந்துக் கல். வெளிச்சுவருக்கு ஆறு அங்குலம், அறை பிரிக்கும் சுவருக்கு நாலு அங்குலம். சுவரை எவ்வளவு ஆழம் வெட்டலாம் என்பதற்கு இங்கிலாந்தின் கட்டட வழிகாட்டியில் எளிய கணக்கு ஒன்று இருக்கிறது: மேலிருந்து கீழாக வெட்டினால் சுவர்த் தடிப்பின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது, கிடையாக வெட்டினால் ஆறில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. உள்ளே வெற்றிடமுள்ள கல்லாயின் மேலும் கவனம் வேண்டும். நாலு அங்குலக் கல்லின் தடிப்பு ஏறத்தாழ 100 மில்லிமீற்றர். அதன் ஆறில் ஒரு பங்கு 17 மில்லிமீற்றர்கூட இல்லை. கடையில் 'அரை அங்குலம்' என்று விற்கும் பிவிசிக் குழாயின் வெளிவிட்டமே 20 மில்லிமீற்றர் அளவில். அதன்மேல் சாந்துக்கு இடம் வேண்டும், எல்போவுக்கு இன்னும் இடம் வேண்டும். ஆகவே நாலு அங்குலச் சுவரில் கிடையாகக் குழாய் புதைப்பவர், எந்தக் கணக்கின்படி பார்த்தாலும், சுவரை அறுத்துப் பலவீனமாக்குகிறார். இத்தனைக்கும் அந்தக் கணக்கு தரமான கல்லுக்கு. வீதியோரத்தில் அச்சுப் போட்டு, சீமெந்தைக் குறைத்து மண்ணைக் கூட்டி, போதுமான நாள் நனைக்காமல் விற்கும் கல்லைக் கையால் தேய்த்தாலே உதிர்கிறது. அதைக் கிறைண்டரால் அறுத்தால் மிஞ்சுவது எது?

புதுக்குடியிருப்புப் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். அறுபதைக் கடந்த தாய் ஒருவர் தனியே இருக்கிறார். மூத்த மகன் பிரான்சில், இளையவர் கனடாவில். 2019இல் கட்டிய வீடு. கண்ணைப் பறிக்கும் ரைல்ஸ் பதித்த குளியலறை. அதற்கு அடுத்த அறையின் சுவரில் இடுப்புயரத்துக்கு ஒரு கறை, ஏதோ தேசப்படம் போல விரிந்திருந்தது.

"தம்பி, சுவர் ஊறுது. பெயின்ற் அடிச்சால் மூண்டு மாதத்திலை திரும்பவும் வருது" என்றார். மூன்று முறை வர்ணம் அடித்திருக்கிறார். பிறகு பிளம்பர் ஒருவரை அழைத்திருக்கிறார். குழாய் எந்த வழியாகப் போகிறது என்று காட்ட வரைபடம் இல்லை. புதைத்த மேசன் கட்டாருக்குப் போய்விட்டார். பிளம்பர் ஊகித்து ஓரிடத்தில் உடைத்தார், குழாய் இல்லை. இன்னோரிடத்தில் உடைத்தார்; குழாய் இருந்தது, கசிவு இல்லை. மூன்றாவது இடத்தில், ரைல்ஸுக்குப் பின்னால், ஓர் எல்போவின் பசை விட்டிருந்தது. அந்த எல்போவின் விலையை இங்கே எழுதினால் சிரிப்பீர்கள். உடைத்த ரைல்ஸ்போல் இப்போது கடையில் இல்லை. வேறு நிறத்தில் ஒட்டியிருக்கிறார்கள்.

என்னை உறுத்தியது அதுவல்ல. "மகனிட்டைச் சொன்னீங்களோ?" என்று கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்தினார். "அவன் ஆசையாக் கட்டித் தந்தது. உடைச்சுப்போட்டம் எண்டு எப்பிடித் தம்பி சொல்லுறது?" வீடியோ அழைப்பு வரும்போது அந்த அறைக்குள் கைத்தொலைபேசியைக் கொண்டுபோவதில்லையாம்.

கட்டுவதற்கு வரும் பணம் பழுதுபார்ப்பதற்கு வருவதில்லை. கொடுக்கமாட்டோம் என்று எந்தப் பிள்ளையும் சொல்லவில்லை. கேட்கத் தாய்க்கு வாய் வருவதில்லை. ஆகவே கசிவைத் தாங்கிக்கொள்பவர் அங்கே இருப்பவரே. 2021இன் தொடக்கத்தில் ஆயிரம் ரூபா அளவில் இருந்த ஒரு மூடை சீமெந்து 2022இல் மூவாயிரத்தை எட்டியபோது, வெளிநாட்டிலிருந்து பணம் பெறாத வீடுகளில் உடைத்த சுவர்கள் உடைத்தபடியே நின்றன. வன்னியில் குடும்பத்தைப் பெண்ணே தலைமை தாங்கி நடத்தும் வீடுகள் எத்தனை என்பது போருக்குப் பின்னரான இந்த ஆண்டுகளில் எவரும் அறிந்தது. அத்தகைய வீட்டில் ஒரு கூலியாளை அழைத்து, அவன் சொல்லும் விலையைக் கொடுத்து, உடைத்த சுவரைத் திரும்பப் பூசுவிப்பது எவ்வளவு பெரிய வேலை என்பதைச் சூரிச்சிலிருந்து கணிக்க முடியாது. சுவரின்மேல் ஓடும் குழாயை, பத்தாம் வகுப்புப் படிக்கும் பையன் ஒருவன் அரம்வாளும் பசைக் குப்பியும் கொண்டு அரைமணி நேரத்தில் ஒட்டிவிடுவான்.

வெந்நீர்க் குழாயின் கதை இன்னும் மோசம். வன்னியில் ஆண்டின் பெரும்பகுதி பகலில் வெயிலில் கிடக்கும் குழாயிலேயே வெந்நீர் வரும். மார்கழி, தை விடியற்காலைகளில் வயோதிபருக்கு வெந்நீர் வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒரு கேத்தல் போதாதா என்று கேட்கும் கஞ்சன் அல்லன் நான். ஆனால் கூரையில் சூரியத் தொட்டியை ஏற்றிவிட்டு, அதிலிருந்து சாதாரண வெள்ளைப் பிவிசிக் குழாயைச் சுவருக்குள் இறக்குகிறார்களே, அதை என்னவென்று சொல்வது? அந்தக் குழாய் குளிர்நீருக்கு உரியது. அறுபது பாகையை நெருங்கும்போதே அது இளகி வலுவிழக்கும். சித்திரை வெயிலில் தொட்டி நீர் அதையும் தாண்டும். வெந்நீருக்கென்று சிபிவிசி, பிபிஆர் எனக் குழாய்கள் தனியே உண்டு. விலை கூட என்பதால் 'எல்லாம் உள்ளுக்குத்தானே' என்று மாற்றிப் போட்டுவிடுகிறார்கள். வெளியே தெரிந்தால் எவராவது கேட்டிருப்பார்.

பிவிசி சூட்டில் நீளும். பத்துப் பாகை ஏறினால் மீற்றருக்கு 0.7 மில்லிமீற்றர். மூன்று மீற்றர்க் குழாயில் முப்பது பாகை ஏறினால் ஆறு மில்லிமீற்றருக்கு மேல். சுவரின்மேல் கிளிப்பில் கிடக்கும் குழாய் இந்த நீட்சியை வளைந்து தாங்கிக்கொள்ளும். சாந்துக்குள் இறுகிய குழாய் எங்கே போகும்? பூச்சை வெடிக்கச் செய்யும், அல்லது மூட்டில் தன்னைத்தான் உடைத்துக்கொள்ளும். காலையும் மாலையும் சூடாகிக் குளிரும் குழாயில் இது நாள்தோறும் நடக்கிறது.

தண்ணீரையும் மறக்கலாகாது. பூநகரிப் பக்கத்து உவர்நீர் உலோகத்துக்குப் பகை. அங்கே கல்வனைசு இரும்புக் குழாயைச் சுவருக்குள் வைத்தால் துரு சுவருக்குள்ளேயே இருந்து வேலை செய்யும். மற்ற இடங்களிலும் பல கிணறுகளின் நீர் கடினமானது. சூடாக்கிய கேத்தலின் அடியில் படியும் வெள்ளைச் சுண்ணாம்பை இல்லத்தரசிகள் அறிவர். அதே படிவு வெந்நீர்க் குழாயின் உள்ளேயும் ஏறும். குழாயின் வாய் ஆண்டுக்கு ஆண்டு ஒடுங்கும். பூட்டிய வெப்பமூட்டும் சுற்றில் ஒரே நீர் சுழல்வதால் அதிலுள்ள சுண்ணாம்பு ஒருமுறை படிந்ததோடு சரி. இங்கே நாள்தோறும் புது நீர், புதுச் சுண்ணாம்பு. சில ஆண்டுகளில் குழாயை மாற்றியே ஆகவேண்டிய இடத்தில், மாற்ற முடியாதபடி அதைப் புதைக்கிறோம்.

வீட்டைக் கட்டித் தருபவர் ஒருவர், அதில் குடியிருந்து பழுது பார்ப்பவர் வேறொருவர் என்ற சிக்கல் வன்னிக்குப் புதிதல்ல. 2010இல் அறிவிக்கப்பட்டு, 2012இல் உடன்பாடு கையெழுத்தான இந்திய வீடமைப்புத் திட்டத்தின் 50,000 வீடுகளில் பெரும்பாலானவற்றை உரிமையாளர்கள் தாமே கட்டினார்கள். வீடொன்றுக்கு 550,000 ரூபா, தவணை தவணையாக வங்கிக் கணக்குக்கு வந்தது. பணம் போதாமல் நகையை அடகு வைத்துக் கடன்பட்டவர்கள் ஏராளம். அதைப் பற்றிப் பலரும் எழுதினோம். ஆயினும் ஒரு நன்மை இருந்தது. தன் கையால் கல் சுமந்தவருக்குத் தன் வீட்டின் எந்த மூலையில் என்ன இருக்கிறது என்று தெரிந்திருந்தது.

பிறகு 65,000 உருக்கு வீடுகள் வந்தன, அதாவது வரப் பார்த்தன. 2015, 2016 ஆண்டுகளில் அமைச்சர் டி. எம். சுவாமிநாதனின் அமைச்சு, ஆர்செலர் மிட்டல் நிறுவனத்தின் முன்தயாரித்த உருக்கு வீடுகளை வடக்கிலும் கிழக்கிலும் அமைக்க முயன்றது. ஒரு வீட்டின் விலை 20 இலட்சம் ரூபாவுக்கு மேல். தமிழ் அரசியல்வாதிகளும் புலமையாளரும் எதிர்த்தார்கள். 65,000 என்ற அத்திட்டம் நிறைவேறவில்லை. அப்போது வைத்த வாதங்களை நினைவுபடுத்துகிறேன்: இந்த வெயிலுக்கு இது ஏற்றதா? உள்ளூர் மேசனுக்கும் தச்சனுக்கும் இதில் என்ன வேலை? பழுதானால் யார் திருத்துவது? புலம்பெயர்ந்த வாசகர்களும் அப்போது உரக்கக் கேட்டீர்கள், மின்னஞ்சல்கள் பறந்தன. பன்னாட்டு நிறுவனத்திடம் கேட்ட மூன்றாவது கேள்வியை உங்கள் கட்டட ஒப்பந்தகாரரிடம் ஏன் கேட்கவில்லை?

மின்கம்பியும் சுவருக்குள்தானே போகிறது, அதற்கென்ன சொல்கிறீர் என்பார்கள். அது வேறு. முறையாகச் செய்தால் அங்கே சுவருக்குள் போவது வெறும் குழல். கம்பி அதனூடே இழுக்கப்படுகிறது. பழுதானால் பெட்டியைத் திறந்து பழைய கம்பியை உருவிப் புதியதை இழுக்கலாம், சுவரை உடைக்க வேண்டியதில்லை. நீர்க்குழாய்க்கு அந்த வசதி கிடையாது. ஆனால் இரண்டையும் ஒரே சுவரில், சில வேளை ஒரே பள்ளத்தில், புதைத்திருப்பதைக் கண்டிருக்கிறேன். நீர்க்குழாய் ஊறினால் சுவர் நனையும். நனைந்த சுவரில் பதித்த சுவிட்ச் சுள்ளென்று பிடிக்கும். ட்ரிப் சுவிட்ச் ஒழுங்காக வேலை செய்தால் உயிர் தப்பும். அடிக்கடி விழுகிறது என்று அதைக் கட்டிப்போட்டு வைத்திருக்கும் வீடுகளும் உண்டு. அது விழுந்து விழுந்து சொன்னது சுவருக்குள் இருக்கும் ஈரத்தைப் பற்றித்தான்.

லண்டனைப் பார்த்துப் பிளக் பொயின்ற்றைத் தரையிலிருந்து ஒன்றரை அடியில் வைப்பதும் இதே இனத்தைச் சேர்ந்தது. 2018 டிசெம்பரில் இரணைமடுவின் வான்கதவுகள் திறந்து கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் தாழ்நிலங்களில் வெள்ளம் புகுந்ததை அங்கிருந்தோர் மறந்திருக்க மாட்டார்கள். பழைய ஆட்கள் பிளக்கைச் சுவிட்சின் உயரத்தில் வைத்தது அறியாமையால் அல்ல.

மறுப்புகளைக் கேட்டிருக்கிறேன். வெயில் பட்டால் பிவிசி நொறுங்கிவிடும் என்கிறார்கள். உண்மை. ஆகவே குழாயை வெளிச்சுவரில் ஓடவிடாமல் உட்பக்கமாகக் கொண்டுபோங்கள். வெளியே போயே ஆகவேண்டிய துண்டுக்கு வர்ணம் அடியுங்கள். குரங்கு பிடுங்கும் என்கிறார்கள். வன்னியில் இது வேடிக்கையான வாதம் அல்ல, குரங்கோடு வாழ்பவருக்குத் தெரியும். ஆனால் குளியலறைக்குள் ஓடும் குழாயைப் பிடுங்கக் குரங்கு இன்னும் வரவில்லை. "சனம் என்ன சொல்லும்" என்பதுதான் எவரும் வாய்விட்டுச் சொல்லாத மறுப்பு. வெளியே தெரியும் குழாய் திட்ட வீட்டின் அடையாளம். மறைத்த குழாய் வெளிநாட்டுக் காசின் அடையாளம். பக்கத்து வளவில் தகரக் கொட்டிலில் இருப்பவருக்குக் காட்டுவதற்காகச் சுவரை அறுக்கிறோம் என்றால், அதைப் பற்றிப் பேசப் பொறியியல் தேவையில்லை.

மேசன்மாரை நான் குறை சொல்லவில்லை. சுவரை அறுக்க ஒரு கூலி, பூசி மூட ஒரு கூலி, கேட்டதைச் செய்கிறார்கள். ஒப்பந்தகாரர்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. மூடிய சுவருக்குள் எந்தக் குழாய், எத்தனை மூட்டு, பசை காய விட்டார்களா, நீர் விட்டுச் சோதித்தார்களா என்று எவரும் பார்க்க முடியாத ஏற்பாடு அவர்களுக்கு வசதியானது. அந்த வசதிக்கு நீங்களே கூடுதல் பணமும் கொடுக்கிறீர்கள்.

ஏற்கெனவே புதைத்தாயிற்று என்றால் உடைக்கச் சொல்லவில்லை. தாங்கியிலிருந்து இறங்கும் இடத்திலும் ஒவ்வொரு குளியலறைக்கும் தனித்தனியாகவும் வால்வு போடுவியுங்கள். ஒன்று ஊறினால் மற்றவை ஓடும். இரவில் எல்லாக் குழாய்களையும் பூட்டிவிட்டுத் தாங்கியின் நீர்மட்டத்தைக் கரிக்கோட்டால் குறித்து, விடியப் பார்க்கச் சொல்லுங்கள். அழுத்தமானி இல்லாத வீட்டுக்கு அதுவே அழுத்தமானி. இனிக் கட்டுவதாயின், குசினியையும் குளியலறைகளையும் ஒரே சுவரின் இருபுறமும் வருமாறு வரைபடத்திலேயே கேளுங்கள். குழாயின் நீளம் பாதியாகக் குறையும், வெளியே தெரிவதும் பாதியாகும். சுவரைக் கடந்து போகும் இடத்தில் பெரிய குழாய்த் துண்டொன்றை உறையாக வைத்தால் உள்ளே போகும் குழாய் நீளவும் சுருங்கவும் இடம் இருக்கும். எவ்வளவு சொல்லியும் மறைத்தே ஆகவேண்டும் என்போர், மூலையில் நிலத்திலிருந்து கூரைவரை ஒரு பலகைப் பெட்டி அடித்து, திருகாணியில் கழற்றும் மூடி போடட்டும். புதைத்தே தீருவேன் என்போர், பூசுவதற்கு முன் ஒருநாள் முழுதும் நீரை ஏற்றிவைத்துப் பார்க்கட்டும். அளவுநாடாவைப் பக்கத்தில் பிடித்து ஒவ்வொரு சுவரையும் படமெடுத்து, அந்தப் படங்களை அச்சிட்டு வீட்டு உறுதியோடு சேர்த்துத் தாயாரிடம் கொடுக்கட்டும்.

சுவரின்மேல் ஓடும் குழாய் கண்ணை உறுத்தினால், சுவரின் நிறத்திலேயே அதற்கும் வர்ணம் அடிக்கலாம். ஒரு லீற்றர்ப் பேணி ஒன்று வீடு முழுவதற்கும் போதும்.